மின்னலுக்குக் கைதட்டியவர்கள்

எங்கள் வானிலை மன்றத்தில் ஒருமுறை மின்னலுக்குக் கைதட்டினார்கள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். இரண்டு வருடம் ஆகப்போகிறது, கோபம் ஆறவில்லை. ஆறிவிடுமோ என்று சில நாள் பயமாகக்கூட இருக்கிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

மன்றம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மதுரை நகரத்துக்குள் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அறை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி. முப்பது நாற்காலி போட்டால் பதினெட்டு நிறையும். புவியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆரம்பித்தது. தலைவரும் அவர்தான். அவருக்கு எதிரே வேறு யாரும் அந்தப் பதவிக்கு நின்றதில்லை. உறுப்பினர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப் பேர் ஆசிரியர்கள், அலுவலகக்காரர்கள். நான் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். கல்லூரியில் வேண்டாமென்று ஒதுக்கிப் போட்டிருந்த மழைமானி ஒன்றைக் கேட்டு வாங்கி, துருவைத் தேய்த்து, வீட்டு மொட்டை மாடியில் வைத்தேன். அளந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டில் யாரும் கேட்பதாக இல்லை. மன்றத்தில் சேர்ந்தேன்.

முதல் வருடம் எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மழைமானி செய்யக் கற்றுக்கொடுத்தோம். பள்ளிக்கூட மாடியில் ஏறி நின்று, நாகமலைக்கு மேலே நிற்பது என்ன மேகம், அது உயருமா கரையுமா என்று பந்தயம் கட்டினோம். வானிலை நிலையத்தில் பலூன் பறக்கவிட்டே முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு பெரியவர் ஒருமுறை பேச வந்தார். காலை நாலரை மணிக்குப் பலூனில் வாயு நிரப்பும்போது காது எப்படி அடைக்கும், மழை நாளில் நூல் எப்படி வழுக்கும் என்று அவர் சொன்னதை நான் வாயைத் திறந்தபடி கேட்டேன். அன்றைக்கு வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். அவருக்குப் பட்டம் எதுவும் இல்லை, அதனால் சுவரொட்டியும் இல்லை.

பட்டம் உள்ளவர் வந்தால் கதையே வேறு. வரவேற்புரை, அறிமுக உரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, அந்த நினைவுப் பரிசைப் பிடித்தபடி மூன்று கோணத்தில் புகைப்படம். இதெல்லாம் முடியவே பதினொன்றரை ஆகிவிடும். பொன்னாடையைத் தட்டில் வைத்து நீட்டும் வேலை எப்போதும் எனக்குத்தான். "மேடம் இருந்தாத்தான் மேடை பாந்தமா இருக்கு" என்பார் தலைவர். அப்படி வந்த ஒருவர் தான் வெளிநாட்டில் பனிப்பொழிவில் நின்ற படங்களாகக் காட்டினார். இன்னொருவர் பேச்சை ஆரம்பிக்கும்போதே, "மதுரையில மழையெல்லாம் பெய்யுதா என்ன?" என்று சிரித்தார். எல்லோரும் கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

மன்றத்தில் உண்மையாகவே தினமும் அளந்தவர்கள் மூன்று பேர். காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும், அதுதான் முறை. நான் ஒருத்தி. இரண்டாவது ஆள் திருமங்கலம் போகிற சாலையில் டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் கிரீஸ் இருந்தாலும் செல்போனில் மேகப்படத்தை விரல் முட்டியால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மூன்றாவது ஆள் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்து விவசாயி, ஐம்பது வயதுப் பெண்மணி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் மழைமானி செய்து காட்டப் போயிருந்தபோது, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். எல்லாம் முடிந்ததும் உள்ளே வந்து, "எனக்கு ஒண்ணு தருவீகளா?" என்று கேட்டார். தலைவர் சிரித்துக்கொண்டே, "இது தினமும் பாக்கணும்மா, விளையாட்டு இல்ல" என்றார்.

"மாட்டுக்குத் தண்ணி வைக்கிறதும் தினமுந்தான். எப்ப வந்து பாக்கப் போறீக, வச்சிருக்கேனா இல்லையான்னு?" என்றார் அக்கா.

கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் காலை எட்டு முப்பத்தொன்றுக்கு எனக்குப் போன். "தங்கச்சி, இன்னைக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லன்னாலும் சொல்லணுமில்ல?" அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. வாட்ஸ்அப்பில் எழுத வராது, குரலில்தான் சொல்வார். மழை எத்தனை மில்லி, காற்று எந்தப் பக்கம், இடி எந்தத் திசையில் கேட்டது. என் நோட்டில் அவருக்கென்று தனிப் பக்கம் போட்டேன்.

இடியைப் பற்றி முதலில் கேட்டதும் அவர்தான். ஜூன் மாதக் கூட்டத்துக்கு இரண்டு பஸ் மாறி வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, அன்றைய பேச்சாளர் முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு எழுந்தார்.

"மழை எம்புட்டுப் பெஞ்சுச்சுன்னு மறுநா அளக்குறோம், சரி. இடி எந்நேரம் வரும்னு முன்னாடியே தெரியுமா தெரியாதா? தெரிஞ்சா ஒரு போன் போடுங்க. வயல்ல நிக்கிற பொம்பளைக நாங்க கரையேறிப் போயிருவோம்ல."

மெக்கானிக் எழுந்தார். "முடியும்க்கா. குறைஞ்சது அரைமணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம் முன்னாடியே படத்துல தெரிஞ்சிரும். நடவுக்கும் களைக்கும் ஆளு கூட்டிட்டுப் போறவங்க நம்பர் மட்டும் இருந்தா போதும். நானும் டீச்சரும் போன் போட்டுருவோம்."

மூன்று வருடமாக எண்களை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது ஒருவருக்குப் பயன்படும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

தலைவர் மைக்கை வாங்கினார். "நல்ல யோசனை. ஆனா நாம அத்தாரிட்டி கிடையாது. நாம சொல்லி இடி வரலைன்னா? வேலை கெட்டுப் போச்சுன்னு யாராவது வந்து நின்னா மன்றம் பதில் சொல்லணும். அடுத்த கூட்டத்து அஜெண்டால வச்சு விரிவாப் பேசுவோம்."

அடுத்த கூட்டத்து அஜெண்டாவில் வைத்தார், கடைசி வரியாக. அன்றைக்கு வந்த சிறப்பு விருந்தினர் உலக வெப்பநிலையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. ஆகஸ்டிலும் அப்படித்தான். நான் தலைவரிடம் போய்க் கேட்டேன். "என்ன அவசரம் மேடம், முறைப்படி போவோம்" என்றார். முறை என்ற சொல்லை அவர் ஒரு பொன்னாடையைப் போலத்தான் பயன்படுத்துவார், எதன் மேல் போர்த்தினாலும் அது மறைந்துவிடும்.

இதற்கிடையில் மின்னல் பாதுகாப்பைப் பற்றிக்கூட ஒரு பேச்சு நடந்தது. மரத்தடியில் ஒதுங்கக் கூடாது, திறந்த வெளியில் நிற்கக் கூடாது, சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் போய்விட வேண்டும் என்று அருமையாகச் சொன்னார்கள். சொன்னது யாரிடம்? மாடி அறையில், மின்விசிறிக்குக் கீழே, வாழ்நாளில் ஒருமுறைகூடச் சேற்றில் கால் வைத்து வேலை செய்திராத பதினெட்டுப் பேரிடம். அக்காவுக்கு அன்றைக்கு வர முடியவில்லை. அதைக் கிராமங்களில் போய்ச் சொல்வோம் என்று மெக்கானிக் சொன்னதும் அஜெண்டாவுக்குப் போனது.

அந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக விட்டார்கள். செப்டம்பரில் எல்லா வயலிலும் ஒரே நேரத்தில் நடவு. காலையில் சுட்டெரிக்கும் வெயில், மூன்று மணிக்கு மேல் வடக்கே சிறுமலைப் பக்கம் மேகம் கட்டி இடி. தினமும் அப்படித்தான்.

ஒரு புதன்கிழமை. கல்லூரியில் பிராக்டிகல் நடந்துகொண்டிருந்தது. மதியம் இரண்டு நாற்பதுக்கு என் போன் அதிர்ந்தது. மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் மெக்கானிக் ஒரு மேகப்படம் போட்டிருந்தார். நடுவில் சிவப்பாக, திட்டுத் திட்டாக. கீழே எழுதியிருந்தார்: 'வடக்க பெருசாக் கட்டுது. அலங்காநல்லூர்ப் பக்கம் மூணரைக்குள்ள வந்துரும். இடி பலமா இருக்கும். அந்தப் பக்கம் யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.'

ஐந்து நிமிடத்தில் தலைவரின் பதில். 'குழு விதிப்படி அதிகாரப்பூர்வ அறிவிப்புகளை மட்டுமே பகிர வேண்டும். பீதி கிளப்ப வேண்டாம். தயவுசெய்து நீக்கவும்.' அதன் கீழே மூன்று பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். மெக்கானிக் நீக்கிவிட்டார்.

நான் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். அக்காவின் நம்பர் என் போனில் முதலில் இருக்கிற நம்பர். ஒரு மாணவியின் மேசையில் மின்சுற்று வேலை செய்யவில்லை, கம்பியைச் சரிபார்க்கக் கூப்பிட்டாள். முடித்துவிட்டுப் போடலாம் என்று நினைத்தேன். அதைவிட மோசமாக, தலைவர் வேண்டாமென்று சொன்னபிறகு போட்டால் தப்பாகுமோ என்றும் நினைத்தேன். போனைப் பையில் வைத்தேன். பிராக்டிகல் முடிந்து வெளியே வந்தபோது நாலே கால். கல்லூரியில் ஒரு துளி இல்லை. வடக்கே மட்டும் கறுத்துக் கிடந்தது. அப்போது போட்டேன். எடுக்கவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கும் போன் வரவில்லை. ஒன்பது மணிக்கு மெக்கானிக்தான் கூப்பிட்டார். "டீச்சர்..." என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

பதினான்கு பெண்கள் நட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். மழை பிடித்ததும் கரையேறி, வரப்போரத்துப் புளியமரத்தடிக்கு ஓடியிருக்கிறார்கள். மோட்டார் ரூம் நூறு அடி தள்ளிப் பூட்டாமல்தான் கிடந்திருக்கிறது. மரம்தான் பக்கம். அதுவரை எல்லா மழைக்கும் மரத்தடிக்குத்தான் போயிருக்கிறார்கள், போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. இடி அந்த மரத்தில் இறங்கியது. அக்காவின் கொழுந்தன் மனைவி அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். நாற்பத்திரண்டு வயது. இரண்டு பேருக்குக் காலில் தீக்காயம். அக்கா மயங்கிக் கிடந்து பெரியாஸ்பத்திரியில் கண் விழித்தார். இடது காது போய்விட்டது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலின் வலது பக்கம் வந்து பேசும்படி கையைக் காட்டினார். பேசக்கூடிய ஒரே விஷயத்தைப் பேச எனக்குத் தைரியம் இல்லை. அவர்தான் சொன்னார். "சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்புனேன் தங்கச்சி. இல்லாட்டி அவ நின்ன எடத்துலதான் நானும் நின்னிருப்பேன்."

அந்த மாதக் கூட்டத்தில் ஒரு நிமிடம் எழுந்து நிற்கலாம் என்று நான் கேட்டேன். தலைவர் யோசித்தார். "இறந்தவங்க மன்ற உறுப்பினர் இல்லையே மேடம். ஒரு முன்னுதாரணம் ஆயிரும்" என்றார். அந்த வாக்கியத்தை அவர் இரக்கமில்லாமல் சொல்லவில்லை, கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. தோள் மேல் கை வைத்துக்கொண்டே கதவைச் சாத்துகிற கனிவு அது.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு மின்னல் புகைப்படக்காரரை அழைத்திருந்தார்கள். வெளியூர்க்காரர், இளைஞர். அவருடைய படங்களை இணையத்தில் லட்சம் பேர் பார்க்கிறார்களாம். அன்றைக்கு முப்பது நாற்காலியும் போதவில்லை. சுவரோரம் நின்றார்கள். பொன்னாடைத் தட்டைத் தலைவர் என்னிடம் நீட்டியபோது, கை வலிக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

பேச்சு ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும். அக்கா வாசலில் வந்து நின்றார். காதில் பஞ்சு, கையில் வயர்கூடை. கூடைக்குள் நாங்கள் கொடுத்த மழைமானி. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதக் குடுத்துட்டுப் போக வந்தேன். இனிமே நமக்கு வேணாம்" என்றார். கூடையைக் காலடியில் வைத்தார்.

திரையில் படங்கள் மாறிக்கொண்டிருந்தன. கடல் மேல் மின்னல், காற்றாலை மேல் மின்னல், கோபுரத்துக்குப் பின்னால் மின்னல். ஒவ்வொன்றுக்கும் ஓ என்றொரு சத்தம். பிறகு அந்த இளைஞர், "இதுதான் இந்த வருஷத்துல என்னோட பெஸ்ட் ஷாட். உங்க ஊர்லயே எடுத்தது" என்றார்.

சிறுமலைச் சரிவிலிருந்து எடுத்த படம். கீழே பச்சையும் தண்ணீருமாக வயல்கள் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கிடந்தன. கறுத்த மேகத்திலிருந்து வெள்ளையாக ஒரு கொடி இறங்கி, பாதி வழியில் ஐந்தாறு கிளையாகப் பிரிந்து தரையைத் தொட்டது. அழகாகத்தான் இருந்தது. எந்த நாளில் எடுத்தது என்று அவர் சொன்னார். அந்தப் புதன்கிழமை.

அறை முழுவதும் கைதட்டியது. தலைவர் எழுந்து நின்று தட்டினார்.

அக்கா என் கையைப் பிடித்தார். "எல்லாரும் எதுக்குத் தட்டுறாக? என்ன சொல்றாரு?"

வலது காதுக்குக் கிட்டப் போய், கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "உங்க பக்கம் எடுத்த படம்க்கா. அன்னைக்கு எடுத்தது."

அவர் திரையைப் பார்த்தார். நான் அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். யாரோ திரையை மறைக்காமல் நிற்கச் சொன்னார்கள். அவருக்குக் கேட்டிருக்காது.

"தம்பி, இத எடுக்கையில எம்புட்டு நேரமா அங்க ஒக்காந்திருந்தீக?"

"ஒரு மணி நேரத்துக்கும் மேலம்மா. கேமராவை ஸ்டாண்டுல வச்சுட்டு வெயிட் பண்ணணும்."

"அப்ப, இடி விழும்னு ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா. ரேடார் படத்தைப் பாத்துட்டுத்தான் கிளம்பி வந்தேன். எந்தப் பக்கம் வரும்கிறது வரைக்கும் தெரியும்" என்றார் அவர், பெருமையாக. பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

அக்கா தலையை ஆட்டினார். "படம் எடுக்கிறதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

தலைவர் மைக்கை எடுத்தார். "அம்மா, கேள்வி நேரம் கடைசியில இருக்கு. கொஞ்சம் உட்காருங்க. சார் தொடரட்டும்."

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கு நினைவில்லை. "அவங்க உக்கார மாட்டாங்க சார்" என்று நான் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. நாற்பத்தாறு வருடத்தில் நான் ஒரு பொது இடத்தில் கத்தியது அதுதான் முதல் முறை.

"மேடம், கெஸ்ட் முன்னாடி இது என்ன..."

"அந்தப் படத்துல தரையத் தொடுது பாருங்க, அங்கிட்டு எங்கேயோதான் இவங்க கொழுந்தன் சம்சாரம் செத்துக் கிடந்தாங்க. எல்லாரும் நல்லாக் கைதட்டுங்க. ரெண்டு நாப்பதுக்கு நம்ம குரூப்ல படம் வந்துச்சா இல்லையா? அழிக்கச் சொன்னது யாரு? ஜூன் மாசம் இவங்க இதே எடத்துல நின்னு கேட்டாங்க. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர். இன்னும் எத்தனை அஜெண்டா வேணும் சார் உங்களுக்கு?"

"உணர்ச்சிவசப்படாதீங்க. அறிவியல் மன்றத்துல ஒரு ஒழுங்கு இருக்கு. மின்னலைத் தடுக்க யாராலயும் முடியாது."

"மின்னல யாரு தடுக்கச் சொன்னா? மரத்தடிக்குப் போகாதன்னு ஒரு போன் போடத்தான கேட்டாங்க!"

சுவரோரம் நின்ற மெக்கானிக் முன்னால் வந்தார். தலைவர் அவரைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க" என்றார். மெக்கானிக், "என்னத்த சார் சொல்றது? நீங்க சொன்னீங்கன்னு அழிச்சேன் பாருங்க, என்னத்தான் செருப்பால அடிக்கணும்" என்றார். கும்பிடு போட்ட மூன்று பேரில் ஒருவர் என் முன் வரிசையில் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புகைப்படக்காரர் முகம் வெளுத்து, மடிக்கணினியை மூடினார். திரை நீலமாகிவிட்டது. அக்காவிடம் வந்து ஏதோ சொன்னார். அக்காவுக்கு அந்தப் பக்கக் காதுதான் கேட்காதது. நன்றியுரை இல்லாமல் முடிந்த ஒரே கூட்டம் அதுதான்.

அக்காவைப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். மழைமானியை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை, கூடையோடு கையிலேயே இருந்தது. பஸ் வர நேரமிருந்தது. கூட்டத்தில் கத்துகிறவளுக்கு இதைச் சொல்லாமல் இருக்க உரிமை இல்லை என்று தோன்றியது. சொன்னேன். "அக்கா, அந்த மெசேஜ அழிக்கிறதுக்கு முன்னாடி நான் பாத்தேன். உங்களுக்குப் போன் போட்டிருக்கலாம். போடல."

அவர் என்னை நேராகப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு அலங்காநல்லூர் பஸ் வந்தது. ஏறி, நான் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் இருந்தும் எதிர்ப்பக்க இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன்பிறகு எனக்குப் போன் இல்லை. ஆனால் மெக்கானிக்குக் காலை எட்டரைக்குப் போன் போனது. மழை எத்தனை மில்லி என்று அவரிடம் சொன்னார். ஒரு வாரம் கழித்து, சுற்று வட்டாரத்தில் ஆள் கூட்டிப் போகிற பதினொரு பெண்களின் நம்பரையும் அவரிடம்தான் சொன்னார். நாங்கள் மன்றத்திடம் கேட்கவில்லை. நானும் மெக்கானிக்கும் ஆளுக்குப் பாதி நம்பராகப் பிரித்துக்கொண்டோம். அக்காவின் நம்பர் அவர் பாதியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய்ப் பேசினோம். மேடை இல்லை, மைக் இல்லை. மரத்தடி வேண்டாம், மோட்டார் ரூம், பள்ளிக்கூடம், அதுவும் இல்லையென்றால் கதவு மூடின வேன். நாலே வாக்கியம். இதற்கு அஜெண்டா தேவைப்பட்டிருக்கிறது.

எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் நான்கு முறை கூப்பிட்டதில் இரண்டு முறை இடி வேறு பக்கம் போய்விட்டது. பெண்கள் கரையேறி முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிலத்துக்காரர் என் நம்பரைக் கண்டுபிடித்துக் கல்லூரி நேரத்தில் கூப்பிட்டார்.

"யாரும்மா நீ? டவுனுல ஒக்காந்துக்கிட்டு இங்க நடவ நிறுத்துற? வானம் வெளுத்துக் கெடக்கு, அம்புட்டுப் பேரும் மோட்டார் ரூம்ல கத பேசிக்கிட்டிருக்காளுக!"

"வெளுத்துக் கெடந்தா நல்லதுதான் அண்ணே. உயிரோட கத பேசிக்கிட்டிருக்காங்கல்ல" என்றேன்.

அந்த ஆளைச் சமாளித்தது அக்காதான் என்று பிறகு மெக்கானிக் சொன்னார். களத்தில் நின்று, "போன் வந்தா நாங்க ஏறத்தான் செய்வோம். இஷ்டம்னா எங்களக் கூப்பிடு, இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்க" என்றிருக்கிறார். நடவு நேரத்தில் வேறு ஆள் எங்கே கிடைக்கும்?

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, எட்டு முப்பத்தொன்றுக்கு என் போன் அடித்தது. "பன்னெண்டு மில்லி. காத்து கெழக்க" என்றார் அக்கா. தங்கச்சி என்ற சொல் இல்லை. நான் எழுதிக்கொண்டேன். அவர் வைத்துவிட்டார். கொழுந்தன் மனைவியின் மகளுக்கு அன்றைக்குத்தான் நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது என்பதை நான் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மன்றத்திலிருந்து எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்திருந்தது. விருந்தினரை அவமதித்ததற்காக ஆறு மாதம் நீக்கம். நான் பதில் எழுதவில்லை. ஆனால் போன வருடம் மன்றத்தின் ஆண்டு மலர் வந்தபோது ஒரு பிரதியை மெக்கானிக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். 'மன்றத்தின் மக்கள் சேவை' என்று ஒரு பக்கம். 'உழவர் பெருமக்களுக்கு இடி மின்னல் முன்னெச்சரிக்கை' என்று கொட்டை எழுத்து. கீழே தலைவர் பொன்னாடையோடு நிற்கிற படம். எங்கள் மூன்று பேர் பெயர் எங்குமே இல்லை. அது போகட்டும். இறந்த பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை.

தலைவருக்குப் போன் செய்தேன்.

"வாங்க மேடம், எப்படி இருக்கீங்க? உங்க நீக்கம் எப்பவோ முடிஞ்சிருச்சே, கூட்டத்துக்கு வரலாமே" என்றார்.

"நீங்க ஒரு போனாவது போட்டிருக்கீங்களா சார், யாருக்காவது?"

"எல்லாம் மன்றத்துல இருந்து வந்த முயற்சிதானே? யார் செஞ்சா என்ன, நல்லது நடந்தாச் சரி."

"நல்லது நடக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு. அத அந்தப் பக்கத்துல எழுதுங்க. நீங்க அழிக்கச் சொன்னதையும் எழுதுங்க. அப்புறம் நான் வாரேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "நீங்க இன்னும் கோபத்துல இருக்கீங்க" என்றார், அதே கனிவோடு.

ஆமாம். இருக்கிறேன். அவர் மீது, கும்பிடு போட்ட மூன்று பேர் மீது, அழகான படத்தைப் பார்த்து யோசிக்காமல் தட்டிய அத்தனை கைகள் மீது. பையில் போனை வைத்த என் கை மீது எல்லாவற்றையும்விட அதிகமாக. அக்கா என்னை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை, கேட்கப் போவதுமில்லை. இந்தக் கோடையில் முதல் இடி மழை வந்த அன்று மெக்கானிக் வெளியூரில் இருந்தார். அக்காவுக்கு நான்தான் போட வேண்டியிருந்தது. இரண்டாவது மணியில் எடுத்தார்.

"வடக்க இருந்து வருதுக்கா. அரைமணி நேரந்தான் இருக்கு."

அவர் வாயை விலக்கிக்கொண்டு கத்துவது கேட்டது. பெண்களின் குரல்கள், தண்ணீரில் கால்கள் சளசளவென்று நடக்கிற சத்தம், யாரோ ஒருத்தி எதையோ மறந்துவிட்டுத் திரும்ப ஓட, அவளை இவர் வைது தள்ளுகிற சத்தம். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஆய்வக வாசலில் நின்றேன். கடைசியில் ஒரு தகரக் கதவு இழுபட்டுச் சாத்தப்பட்டது.

"பதினாறு பேரு. உள்ள வந்துட்டோம்" என்றார். "வச்சிரு. அடுத்தவளுக்குப் போடு."